கேப் பிரெட்டன் போகிறீர்களா? முதலில் சாயங்காலங்களைக் குறித்துக்கொள்ளுங்கள்

கனடாவின் கிழக்கோரத்தில் நோவா ஸ்கோஷியா மாகாணம் இருக்கிறது. அதன் வடகிழக்கு மூலையில் உள்ள தீவுதான் கேப் பிரெட்டன். பேரைச் சொன்னதுமே எல்லோரும் கேபட் டிரெயிலைப் பற்றித்தான் பேசுவார்கள். மலையை ஒட்டி, கடலைப் பார்த்தபடி 298 கிலோமீட்டர் சுற்றிவரும் சாலை அது. அழகில் குறையே சொல்ல முடியாது. முதல் தடவை போனபோது நானும் அந்தச் சாலையை மட்டும் பார்த்துவிட்டுத் திரும்பினேன். பகலெல்லாம் வண்டி ஓட்டி, நின்று நின்று படம் எடுத்து, ராத்திரி எட்டு மணிக்குக் களைத்துப்போய் அறையில் படுத்துவிட்டேன். ஊர் ஹால்களில் இசையும் ஆட்டமுமாக அந்தத் தீவு களைகட்டுவதே எட்டு மணிக்கு மேல்தான் என்பது இரண்டாம் தடவை போனபோதுதான் புரிந்தது.

அதனால் புதிதாகப் போகிறவர்களுக்கு நான் முதலில் சொல்வது இதைத்தான்: எந்த நாள் எந்த மலை என்று திட்டத்தைத் தொடங்காதீர்கள். எந்தச் சாயங்காலம் எந்த ஊர் ஹால் என்று தொடங்குங்கள். மலையும் கடலும் எல்லா நாளும் அங்கேயேதான் இருக்கும். சனிக்கிழமை நடக்கிற ஆட்டத்தை ஞாயிற்றுக்கிழமை போய்ப் பார்க்க முடியாது.

போவதற்கு முன்னால் தெரிந்துகொள்ள வேண்டியது

ஸ்காட்லாந்தின் மேட்டுநிலத்திலிருந்தும் மேற்குத் தீவுகளிலிருந்தும் நிலம் இழந்து, பிழைப்புத் தேடிக் கப்பலேறியவர்களின் வாரிசுகள் இங்கே வாழ்கிறார்கள். 1773-இல் ஹெக்டர் என்ற கப்பல் நோவா ஸ்கோஷியாவின் பிக்டோ துறைமுகத்துக்கு வந்தது. 1800-களின் தொடக்கத்திலிருந்து கேப் பிரெட்டனுக்கே நேராகக் கப்பல்கள் வந்தன. ஒரே தீவிலிருந்து, ஒரே கிராமத்திலிருந்து வந்தவர்கள் பக்கத்துப் பக்கத்திலேயே குடியேறினார்கள். பாட்டும் கதையும் பேச்சும் கலையாமல் வந்து சேர்ந்ததற்கு அது ஒரு முக்கியமான காரணம். அவர்கள் வருவதற்கு எத்தனையோ ஆயிரம் ஆண்டு முன்பிருந்தே இது மிக்மாக் மக்களின் மண். அவர்கள் இதை உனமாகி என்று அழைக்கிறார்கள். எஸ்கசோனி, மெம்பர்டூ போன்ற ஊர்களில் இன்றும் வாழ்கிறார்கள். மேற்குக் கரையில் ஷெட்டிகாம்ப் பக்கம் பிரெஞ்சு பேசும் அகேடியர்கள் இருக்கிறார்கள். ஒரு தீவுக்குள் இத்தனை பேர் என்பதை மனதில் வைத்துக்கொண்டு போங்கள்.

ஸ்காட்லாந்திலிருந்து வந்தவர்கள் கொண்டுவந்த மொழியின் பேரைச் சரியாகச் சொல்லிப் பழகுங்கள். ‘கேலிக்’ என்பது அயர்லாந்துக்காரர்களின் மொழிக்கு ஆங்கிலத்தில் வழங்கும் உச்சரிப்பு. இங்கே இருப்பது ‘காலிக்’. காந்தி என்னும்போது வருமே, அந்தக் ‘கா’. இந்த ஒரு சொல்லைச் சரியாகச் சொன்னாலே எதிரில் இருப்பவர் முகம் மலரும்.

ஒரு காலத்தில் இந்தத் தீவில் பல பத்தாயிரம் பேர் வீட்டில் காலிக்தான் பேசினார்கள். 1890-இல் தாமஸ் மக்கின்னஸ் என்ற செனட்டர் காலிக்கைக் கனடாவின் ஆட்சிமொழிகளில் ஒன்றாக்க வேண்டும் என்று மசோதா கொண்டுவந்தார். ஆதரவாக 7 ஓட்டு, எதிராக 42. அப்புறம் பள்ளிக்கூடத்தில் காலிக் பேசிய பிள்ளைகள் அடி வாங்கினார்கள். அந்தப் பிள்ளைகள் பெற்றோரானபோது, தாங்கள் பட்டது போதும் என்று தங்கள் பிள்ளைகளுக்கு அதைச் சொல்லித்தரவில்லை. இன்று மாகாணம் முழுக்கச் சேர்த்தால் ஏறக்குறைய இரண்டாயிரம் பேர் பேசுவார்கள் என்கிறார்கள். ஆனாலும் கதை அதோடு முடியவில்லை. 2006-இல் மாகாண அரசு காலிக்குக்கென்று தனி அலுவலகம் திறந்தது. 2021-இல் மபூ என்ற சிற்றூரில் சின்னப் பிள்ளைகளுக்குக் காலிக் வழியிலேயே பாடம் நடத்தும் பள்ளி தொடங்கியது. சாலையோரப் பலகைகளில் ஊர்ப்பேர்கள் இரண்டு மொழியிலும் இருப்பதைப் பார்ப்பீர்கள். பலகை எல்லோர் கண்ணிலும் படும். பேச்சு காதில் விழ வேண்டுமென்றால் அது நடக்கிற இடத்துக்கு நாம்தான் தேடிப் போக வேண்டும்.

மாதத்தைத் தேர்ந்தெடுங்கள்

ஜூலை, ஆகஸ்ட் மாதங்களில் போனால் அநேகமாக ஒவ்வொரு இரவும் ஏதாவது ஒரு ஊரில் இசை இருக்கும். ஜூலை கடைசி ஞாயிற்றுக்கிழமை பிராட் கோவ் என்ற ஊரில் திறந்தவெளியில் பெரிய கச்சேரி நடக்கும். நாற்காலியும் போர்வையும் கொண்டுபோய்ப் புல்வெளியில் உட்கார்ந்து கேட்கலாம். இன்னொரு நல்ல காலம் அக்டோபர். கெல்டிக் கலர்ஸ் என்ற இசை விழா 1997 முதல் நடக்கிறது. கனடாவின் நன்றித்திருநாளுக்கு முந்தைய வெள்ளிக்கிழமை தொடங்கி ஒன்பது நாள் நீளும். ஒரே அரங்கில் அல்ல, தீவெங்கும் உள்ள தேவாலயங்கள், பள்ளிக்கூடங்கள், ஊர் ஹால்கள் எல்லாவற்றிலும் நடக்கும். மலைமரங்கள் சிவந்து பழுத்து நிற்பதும் அதே வாரத்தில்தான். அறை கிடைப்பது குதிரைக்கொம்பு. வசந்தத்திலேயே பதிவு செய்துவிடுங்கள். ஜூனில் போனால் கூட்டம் இருக்காது, கறுப்பு ஈக்கள் இருக்கும். நவம்பரிலிருந்து மே வரை பல கதவுகள் மூடியிருக்கும். முதல் பயணத்துக்கு அந்த மாதங்கள் வேண்டாம்.

போய்ச் சேருவது

ஹாலிஃபாக்ஸ் விமான நிலையத்தில் இறங்கி வாடகைக் கார் எடுப்பதுதான் பெரும்பாலோருக்குத் தோது. அங்கிருந்து தீவின் நுழைவாயிலுக்கு ஏறக்குறைய மூன்று மணி நேரம். தீவிலேயே சிட்னி என்ற ஊரில் ஒரு சின்ன விமான நிலையம் இருக்கிறது. டிக்கெட் எடுக்கும்போது ‘சிட்னி, நோவா ஸ்கோஷியா’ என்று இருக்கிறதா என்று இரண்டு தடவை பாருங்கள். ஆஸ்திரேலியாவுக்குப் போக நினைத்தவர்கள் இங்கே வந்து இறங்கியது உண்மையாகவே நடந்திருக்கிறது. ஹாலிஃபாக்ஸிலிருந்து சிட்னிக்குப் பேருந்து உண்டு. கேபட் டிரெயிலைச் சுற்றிவரப் பேருந்து கிடையாது; வண்டி இல்லாமல் சமாளிக்க முடியாது. டொராண்டோவிலிருந்து போகிறவர்கள் கைக்கடிகாரத்தை ஒரு மணி நேரம் முன்னால் தள்ளிவைக்க வேண்டும்.

கேன்சோ காஸ்வே என்ற கல்லணை வழியாகத்தான் தீவுக்குள் நுழைவீர்கள். கடலுக்குள் பாறையைக் கொட்டிக் கட்டி, 1955-இல் திறந்தார்கள். திறப்பு விழாவில் நூறு பேர் பைகுழல் ஊதியபடி நடந்து போனார்களாம். தாண்டியதும் போர்ட் ஹேஸ்டிங்ஸில் சுற்றுலாத் தகவல் நிலையம் வரும். தவறாமல் நிறுத்துங்கள். அங்கே இருப்பவர்களிடம், ‘இந்த வாரம் எந்த ஊரில் ஆட்டம், எந்த ஊரில் கெய்லி?’ என்று கேளுங்கள். நீங்கள் இணையத்தில் ஒரு மணி நேரம் தேடினாலும் கிடைக்காதது ஐந்து நிமிஷத்தில் கிடைத்துவிடும்.

சாயங்காலங்களைப் போட்டு, நடுவில் சாலையை வையுங்கள்

கெய்லி என்றால் இப்போது சின்னக் கச்சேரி என்று பொருளாகிவிட்டது. ஆதியில் அக்கம்பக்கத்து வீட்டுக்குப் பேசப் போவதற்குத்தான் அந்தப் பேர். போன இடத்தில் ஒருவர் கதை சொல்வார், ஒருவர் பாடுவார், யாராவது பிடிலை எடுப்பார். நம் ஊரில் பழைய ஆட்கள் வயலினைப் பிடில் என்பார்கள் இல்லையா? இங்கேயும் அதே வாத்தியம், அதே பேர்.

சனிக்கிழமை மேற்கு மபூ ஊர் ஹாலில் நடக்கும் குடும்ப ஆட்டம் பேர்போனது. என் திட்டத்தை எப்போதும் அந்தச் சனிக்கிழமையை நடுவில் நட்டுத்தான் போடுவேன். வெள்ளிக்கிழமை காஸ்வேயைத் தாண்டி, 19-ஆம் எண் சாலையில் வடக்கே திரும்புங்கள். இதற்கு கெய்லி டிரெயில் என்றே பேர். ஜூடிக்கில் கெல்டிக் இசை விளக்க மையம் இருக்கிறது. கோடையில் மதியச் சாப்பாட்டோடு பிடிலும் பியானோவும் கேட்கலாம். அப்புறம் போர்ட் ஹுட், மபூ, இன்வர்னஸ். இந்த மூன்றில் ஒன்றில் இரண்டு இரவு தங்குங்கள். சனிக்கிழமை பகலில் இன்வர்னஸ் கடற்கரை. அந்தப் பக்கக் கடல்நீர் கோடையில் ஓரளவு இதமாகவே இருக்கும். ராத்திரி ஆட்டம்.

ஞாயிறு ஷெட்டிகாம்ப். திங்கள் தேசியப் பூங்கா மலைப்பாதை. செவ்வாய் இங்கனிஷ் வழியாகச் செயின்ட் ஆன்ஸ். அங்கே 1938-இல் தொடங்கிய காலிக் கல்லூரி இருக்கிறது. அன்று இரவு பாடெக். ஜூலையிலும் ஆகஸ்டிலும் பாடெக் தேவாலய ஹாலில் அநேகமாக எல்லா இரவும் கெய்லி உண்டு. புதியவர்களுக்கென்றே பொறுமையாக விளக்கி நடத்துவார்கள். புதன்கிழமை அயோனா. வியாழன் திரும்புவது. ஒரு நாள் குறைத்தே ஆக வேண்டும் என்றால் ஷெட்டிகாம்பைக் குறையுங்கள். அயோனாவில் கைவைக்காதீர்கள்.

ஒன்று கவனியுங்கள்: ஹாலுக்குப் பக்கத்திலேயே தங்குமிடம் பாருங்கள். ஆட்டம் முடிய நள்ளிரவாகும். இருட்டில் மூஸ் என்ற பெரிய மான் சாலையின் குறுக்கே வந்து நிற்கும். குதிரையைவிட உயரம், ஹெட்லைட் வெளிச்சம் காலுக்கு நடுவே போய்விடுவதால் கண்ணிலேயே படாது. அந்த நேரத்தில் அறுபது எழுபது கிலோமீட்டர் ஓட்டுகிற மாதிரி வைத்துக்கொள்ளக் கூடாது.

ஹாலுக்குள் என்ன நடக்கும்

வெளியே புல்தரையில் கார்களும் பிக்கப் வண்டிகளும் நிற்கும். வாசலில் மேஜை போட்டு ஒருவர் உட்கார்ந்திருப்பார். நுழைவுக் கட்டணம் சொற்பம்தான், ரொக்கமாகக் கொண்டுபோங்கள். உள்ளே மரத்தரை, சுவரோரம் பெஞ்சு, ஒரு மூலையில் பியானோவும் பிடிலும். மேடை விளக்கு, அறிவிப்பு எதுவும் இருக்காது. பிடில்காரர் உட்கார்ந்தபடி குதிகாலால் தாளம் தட்டிக்கொண்டே வாசிப்பார். பியானோக்காரரின் இடதுகை அந்தத் தாளத்தை வாங்கிக்கொண்டு ஓடும்.

முதலில் ஒருத்தரும் எழுந்திருக்க மாட்டார்கள். பிறகு இரண்டு ஜோடி, நான்கு ஜோடி என்று நடுவில் போய் நிற்பார்கள். சதுர ஆட்டம் ஒரு சுற்றுக்கு மூன்று பாகம். முதல் இரண்டும் ஜிக் மெட்டில், கடைசி பாகம் ரீல் மெட்டில். ரீல் வந்ததும் வேகம் கூடும், தரையே அதிரும். எட்டு வயசுப் பெண்ணும் எண்பது வயசுத் தாத்தாவும் ஒரே வட்டத்தில் கைகோத்து நிற்பதை அங்கேதான் பார்த்தேன். அடுத்தது என்ன என்று யாரும் கூவிச் சொல்ல மாட்டார்கள். எல்லோருக்கும் தெரியும், நமக்கு மட்டும்தான் தெரியாது. கவலைப்படாதீர்கள். என்னை ஒரு பாட்டி கையைப் பிடித்து இழுத்துக்கொண்டு போனார். ‘காலை விடு, என் கையை மட்டும் கவனி’ என்றார். கை எந்தப் பக்கம் இழுத்ததோ அந்தப் பக்கம் போனேன். இரண்டாம் சுற்றில் வழி பிடிபட்டுவிட்டது.

வழவழப்பான அடியுள்ள ஷூ போட்டுக்கொண்டு போங்கள். ரப்பர் அடி தரையைப் பிடித்துக்கொள்ளும், முழங்கால் திருகும். யாராவது ஆடக் கூப்பிட்டால் ஒரு தடவையாவது போங்கள். நடுவில் சுற்றை நிறுத்தி, ஒருவர் மட்டும் தனியாக ஸ்டெப் ஆடுவார். உடம்பு அசையாது, கை தொங்கும், பாதம் மட்டும் தரையை விட்டு அதிகம் எழும்பாமல் தாளத்தைச் சொல்லும். அப்போது பேச்சை நிறுத்திவிட்டுப் பாதத்தைப் பாருங்கள். காலிக் பாட்டின் சொல்லழுத்தம்தான் இந்தப் பிடில் வாசிப்பிலும் இறங்கியிருக்கிறது என்று அங்கே பலர் சொல்வார்கள். ஒரு மணி நேரம் கேட்டால் நமக்கே அது புலப்படும்.

இதுகூட ஒருமுறை கைநழுவிப் போகப் பார்த்தது. 1971-இல் கனடாவின் பொதுத் தொலைக்காட்சி, கேப் பிரெட்டன் பிடில் மறைந்துகொண்டிருக்கிறது என்று ஒரு ஆவணப்படம் காட்டியது. ஊர் பொறுக்கவில்லை. 1973-இல் கிளெண்டேல் என்ற ஊரில் நூற்றுக்கும் மேற்பட்ட பிடில்காரர்களை ஒரே மேடையில் ஏற்றினார்கள். இன்று நீங்கள் கேட்கப்போகும் இளைஞர்களில் பலர், அந்த மேடையில் வாசித்தவர்களின் பிள்ளைகளும் பேரப்பிள்ளைகளும்.

அயோனாவுக்கு அரை நாளாவது கொடுங்கள்

மொழியைக் காதால் கேட்க வேண்டுமென்றால் அயோனாவில் உள்ள ஹைலேண்ட் கிராமம்தான் இடம். பிராடோர் ஏரியைப் பார்த்தபடி ஒரு மலைச்சரிவில் இருக்கும் திறந்தவெளி அருங்காட்சியகம் இது. முதல் வீடு ஸ்காட்லாந்துத் தீவில் விட்டுவந்த கல்வீடு, புகை படிந்த இருட்டு. அடுத்தது இங்கே வந்து காட்டை வெட்டிக் கட்டிய மரக்கட்டைக் குடிசை. இப்படியே மேலே ஏற ஏற நூறு வருஷத்துக்கு மேல் நடந்து வருகிறோம். மேலே ஒரு வெள்ளைத் தேவாலயம். ஏரிக்கு அந்தப் பக்கம் மலகவாச் என்ற ஊரில் இருந்ததை 2003-இல் தெப்பத்தில் ஏற்றி ஏரி வழியாகக் கொண்டுவந்து வைத்திருக்கிறார்கள்.

வீட்டுக்கு வீடு அந்தக் காலத்து உடையில் ஒருவர் இருப்பார். வேஷம் போட்ட வழிகாட்டி என்று நினைத்துவிடாதீர்கள். முதலில் காலிக்கில்தான் பேசுவார்கள், நாம் விழித்தால் ஆங்கிலத்துக்கு வருவார்கள். அவசரப்பட்டு ஆங்கிலத்துக்கு இழுக்காமல் ஒரு நிமிஷம் கேட்டுக்கொண்டு நில்லுங்கள். அடுப்பு, ரொட்டி, நூல் என்று கையிலிருப்பதைக் காட்டித்தான் பேசுவார்கள். பாதி தானாகவே விளங்கும். ஜூனிலிருந்து அக்டோபர் நடுவரைதான் திறந்திருக்கும்.

அங்கேயோ, பக்கத்தில் கிறிஸ்துமஸ் ஐலண்ட் என்ற ஊரில் கோடையில் நடக்கும் காலிக் விழாவிலோ மில்லிங் ஃப்ராலிக்கில் கலந்துகொள்ள வாய்ப்புக் கிடைத்தால் விடாதீர்கள். புதிதாக நெய்த கம்பளித் துணியை நனைத்து, நீள மேஜையைச் சுற்றி எல்லோரும் உட்கார்ந்து, பாட்டுக்கு இசைவாக மேஜையில் அடித்து அடித்து ஒருவரிடமிருந்து அடுத்தவருக்குத் தள்ளுவார்கள். துணி இறுகிக் கெட்டியாவதற்காக ஏற்பட்ட வேலை அது. இப்போது துணிக்காக யாரும் செய்வதில்லை, பாட்டுக்காகச் செய்கிறார்கள். ஸ்காட்லாந்தில் இது பெண்கள் வேலை. கேப் பிரெட்டனில் ஆண்களும் உட்கார்ந்துவிட்டார்கள். ஒருவர் அடியெடுத்துப் பாட, மற்றவர்கள் பல்லவியைத் திருப்பிப் பாட வேண்டும். நாற்று நடவில் முன்பாட்டும் பின்பாட்டும் கேட்டு வளர்ந்தவர்களுக்கு இரண்டாம் முறையே பல்லவி வாயில் வந்துவிடும். ஈரக் கம்பளி நல்ல கனம். அரை மணி நேரத்தில் மணிக்கட்டு வலிக்கும். மோதிரத்தைக் கழற்றி வைத்துவிட்டு உட்காருங்கள்.

நாலு சொல்

‘கிமர் அ ஹா ஷிவ்?’ என்றால் நலமாக இருக்கிறீர்களா. ‘தாப்பா லேவ்’ என்றால் நன்றி. இரண்டிலும் நான் மரியாதை வடிவத்தையே தந்திருக்கிறேன். காலிக்கில் நீ, நீங்கள் வேறுபாடு உண்டு, பெரியவர்களிடம் ‘நீங்கள்’தான். நமக்கு அதை யாரும் விளக்க வேண்டியதில்லை.

‘ஸ்ட்ரூபக்’ என்ற சொல் காதில் விழுந்தால் உட்காருங்கள். ஒரு வாய் டீ குடித்துவிட்டுப் போங்கள் என்று பொருள். டீ மட்டும் வராது. ஓட்ஸ் பிஸ்கட்டோ, பானக் என்ற ரொட்டியோ சேர்ந்து வரும்.

‘கோ லேஷ் ஊ?’ என்பது இன்னும் அருமையான கேள்வி. நீ யார் வீட்டுப் பிள்ளை என்று கேட்கிறார்கள். ஒரே ஊரில் மெக்டானல்டும் மெக்நீலும் நூறு பேர் இருந்தால் குடும்பப் பேரை வைத்து ஆளைக் கண்டுபிடிக்க முடியுமா? அதனால் அப்பா பேர், தாத்தா பேர், பாட்டன் பேர் என்று அடுக்கித்தான் ஆளைச் சொல்வார்கள். ஒரு பெரியவர் என்னிடம் இதைக் கேட்டபோது, என் பேரோடு அப்பா பேரையும் தாத்தா பேரையும் சேர்த்துச் சொன்னேன். எங்களுக்குக் குடும்பப் பேர் கிடையாது, அப்பா பேரின் முதலெழுத்துத்தான் என்றேன். அவர் மூன்று பேரையும் தன் வாயால் ஒரு தடவை அடுக்கிச் சொல்லிப் பார்த்துக்கொண்டார். அதற்கப்புறம் அந்த மேஜையில் நான் அந்நியனாக இல்லை.

சாலை, மலை, சாப்பாடு

கேபட் டிரெயிலைக் கடிகாரச் சுற்றில் ஓட்டினால் மலையை ஒட்டிய பக்கம் கிடைக்கும். வளைவுகள் பழகாதவர்களுக்கு அது நல்லது. எதிர்ச்சுற்றில் போனால் கடலோரப் பக்கம், காட்சி கூடுதல், பதற்றமும் கூடுதல். பூங்கா நுழைவுச்சீட்டை ஷெட்டிகாம்ப் அல்லது இங்கனிஷ் வாசலில் வாங்கலாம். மலையேறுவதற்கு முன் பெட்ரோலை நிரப்பிவிடுங்கள். பல இடங்களில் போன் சிக்னல் இருக்காது, வரைபடத்தை முன்பே இறக்கி வைத்துக்கொள்ளுங்கள்.

ஒரே ஒரு நடைதான் நேரம் இருக்கிறது என்றால் ஸ்கைலைன் பாதை. போய்த் திரும்ப 6.5 கிலோமீட்டர், சுற்றாக வந்தால் 8.2. கடைசியில் மரப்படிகள் கடலை நோக்கி இறங்கும். அங்கே காற்று தள்ளும், கோடையிலும் ஜாக்கெட் வேண்டும். கயோட்டி என்ற ஓநாய்ச் சாதி விலங்கு உண்டு என்பதால் தனியாகப் போகாதீர்கள், கையில் ஒரு தடி இருக்கட்டும். புல்லில் நடந்து வந்தால் கணுக்காலிலும் முழங்கால் மடிப்பிலும் உண்ணி ஒட்டியிருக்கிறதா என்று ராத்திரி பார்க்க வேண்டும்.

கடலுணவு சாப்பிடுகிறவர்களுக்கு ராஜபோகம். சைவம் என்றால் மேற்குக் கரையில் உருளைக்கிழங்கு வறுவலோடு நிற்க வேண்டியிருக்கும். சிட்னியில் கேப் பிரெட்டன் பல்கலைக்கழகத்தில் இந்திய மாணவர்கள் நிறையப் படிப்பதால், அங்கே அரிசி, பருப்பு, மசாலா கிடைக்கும். அந்தப் பக்கம் போகவில்லை என்றால் ஹாலிஃபாக்ஸிலேயே வாங்கி, சமையலறை உள்ள அறையாகப் பதிவு செய்துகொள்ளுங்கள்.

வியாழக்கிழமை திரும்பும்போது பாடெக்கிலிருந்து ஹாலிஃபாக்ஸ் விமான நிலையத்துக்கு நாலு மணி நேரம் வைத்துக்கொள்ளுங்கள். மாலை ஏழு மணி விமானம் என்றால் காலை பத்து மணிக்கே கிளம்பிவிடுங்கள். வழியில் யாராவது ‘ஸ்ட்ரூபக்’ என்று சொன்னால் உட்காரவும் நேரம் இருக்கும்.